படகு சீட்டுக்குக் குஷன்: ஊறிப்போன முதல் வேலையும் அதைப் பிரித்துச் செய்த இரண்டாவது வேலையும்

2023 டிசம்பரில், கடைக்குப் பக்கத்து மளிகையில் மூட்டை நிறுக்கும் தராசில் அந்த சீட்டைத் தூக்கி வைத்தேன். 14 கிலோ காட்டியது. அதே சீட்டை அந்த வருடம் பிப்ரவரியில் தைத்துக் கொடுத்தபோது ஐந்தரைக் கிலோ. மீதி எட்டரைக் கிலோவும் ஏரித் தண்ணீர்.

கிருஷ்ணகிரியில் பதினெட்டு வருடமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். பைக், டிராக்டர், வேன், எப்போதாவது ஒரு பஸ். படகு வேலை அதற்கு முன் என்னிடம் வந்ததில்லை. எங்கள் பக்கம் படகு என்றதும் ஒகேனக்கல் பரிசல்தான் ஞாபகம் வரும். அதில் சீட்டே கிடையாது, அடியில் சம்மணம் போட்டு உட்கார வேண்டியதுதான். சீட் வைத்த படகில் போக வேண்டுமென்றால் அவதானப்பட்டி மாதிரி படகு இல்லம் உள்ள ஏரிக்குப் போக வேண்டும். பக்கத்தில் ஓர் ஏரியில் படகு விடும் அண்ணன் ஒருவர் ஃபைபர் மோட்டார் படகின் சீட்டுகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மூன்று பேர் உட்காரும் நீள சீட் இரண்டு, அவற்றின் சாய்மானம் இரண்டு, ஓட்டுநர் சீட்டும் சாய்மானமும். மொத்தம் ஆறு உருப்படி. நீள சீட்டின் அளவு 48 இன்ச்சுக்கு 16 இன்ச், தடிமன் 3 இன்ச்.

டிராக்டர் சீட்டுக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். கடையில் இருந்த 12 எம்எம் சாதாரண பிளைவுட், 32 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோம், பைக் சீட்டுக்குப் போடுகிற நல்ல ரெக்சின். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று உட்காரும் பக்கத்தில் எட்டு வரித் தையல். அடிப்பக்கமும் ரெக்சினே போட்டுச் சுற்றிலும் ஸ்டேப்பிள் அடித்து மூடினேன். "தண்ணி ஒரு சொட்டு உள்ளே போகாது அண்ணா" என்று சொல்லித்தான் கொடுத்தேன். நம்பித்தான் சொன்னேன்.

பத்து மாதம் கழித்து அவர் போன் செய்தார். "தம்பி, சீட்டு கல்லு மாதிரி கனக்குது. உக்காந்து எழுந்தா பேண்ட் நனையுது. வர்றவங்க சண்டைக்கு வர்றாங்க, நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து பின்பக்கம் பிரித்தேன். நாற்றம் தெருவரைக்கும் போனது. அடிப்பக்க ரெக்சினைக் கிழித்ததும் பழுப்புத் தண்ணீர் குடத்தைச் சாய்த்த மாதிரி கொட்டியது. ஸ்டேப்பிள்களில் பாதி துருப்பிடித்துக் காலே இல்லாமல் இருந்தன. பிடுங்க வேண்டிய அவசியமே வரவில்லை, கையால் இழுத்ததும் உறை கழன்றது. பிளைவுட் ஓரத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து உப்பியிருந்தது. ரெக்சினின் உள்பக்கத் துணி கறுப்பாகப் பூசணம் பூத்து, விரலால் தேய்த்தால் திரியாக உதிர்ந்தது. மேல்பக்கம் மட்டும், அங்கங்கே சில ரோஸ் நிறத் திட்டுகளைத் தவிர, கிட்டத்தட்ட புதிது போலவே இருந்தது. நிறைய நேரம் நான் யோசித்தது அதைப் பற்றித்தான். வெயில் பட்ட பக்கம், ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து தேய்த்த பக்கம் பிழைத்திருக்கிறது. யாரும் தொடாத உள்பக்கம் செத்துவிட்டது.

சரி, தண்ணீர் எந்த வழியாகப் போனது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு தடவை தைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அதே ரெக்சின், அதே ஃபோமில் ஓர் அடிக்கு ஓர் அடி சின்ன குஷன் ஒன்று செய்தேன். நடுவில் இரண்டு வரித் தையல். ஒரு டம்ளர் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்து மேலே ஊற்றினேன். ஊற்றி அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் தையலுக்குக் கீழே மெல்லிய நீலக்கோடு மட்டும் விழுந்திருந்தது. அடுத்ததாக இன்னொரு குஷனில் ஊற்றிவிட்டு, அதன்மேல் இருபது முறை உட்கார்ந்து எழுந்தேன். பிரித்தால் ஃபோம் முழுக்க நீலம்.

அப்போதுதான் புரிந்தது. ஆள் உட்காரும்போது ஃபோமில் இருக்கும் காற்று தையல் ஓட்டை வழியாக வெளியே போகிறது. எழுந்திருக்கும்போது ஃபோம் விரிந்து காற்றைத் திரும்ப இழுக்கிறது. மேலே தண்ணீர் நின்றால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். கொல்லன் துருத்தி போல. ஆள் உட்காராவிட்டாலும் இது நடக்கும்: வெயிலில் சீட் சூடேறும்போது உள்ளே காற்று விரிந்து வெளியேறும், அந்தச் சூட்டின்மேல் அலைத் தண்ணீர் தெறித்துக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். நான் அழகுக்குப் போட்ட எட்டு வரியைக் கணக்குப் பார்த்தேன். ஒரு வரி 16 இன்ச், இன்ச்சுக்கு 8 தையல், எட்டு வரிக்கு 1,024 ஓட்டை. அத்தனையும் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே. உள்ளே போகப் பெரிய வாசலைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே வரும் வழியை அடிப்பக்க ரெக்சினால் அடைத்திருக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தேன். மூங்கிலில் பின்னி, அடியில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டித் தார் பூசிய பரிசல்கள் கரையில் கவிழ்த்து வரிசையாகக் கிடந்தன. வேலை முடிந்ததும் பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிவந்து மணலில் குப்புறப் போடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றைக்குப் பார்த்தபோது வேறாகத் தெரிந்தது. தண்ணீரிலேயே பிழைக்கிறவர்கள், பரிசலுக்குள் தண்ணீர் வராது என்று நம்பி இருக்கவில்லை. வந்த தண்ணீர் வடிந்து காய வழி செய்கிறார்கள். நான் இரண்டாவது முறை செய்த எல்லாமே அந்தக் கரையில் நின்று யோசித்ததுதான்.

பொருள் வாங்கியது

முதலில் மேல்துணி. வழக்கமான ரெக்சினும் படகுக்கென்று விற்கும் மரைன் வினைலும் இரண்டும் பிவிசி பூச்சுதான். வித்தியாசம் அதன் உள்பக்கத் துணியிலும் பூச்சில் கலந்திருக்கும் மருந்திலும் இருக்கிறது. மரைன் வினைலில் வெயில் தாங்கவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் சேர்மானம் உண்டு. உள்பக்கம் பாலியஸ்டர் துணி. பருத்தி கலந்த துணி என்றால் ஈரத்தில் மக்கும். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "மரைன்" என்று சொல்லிக் காட்டியதையெல்லாம் நம்பாமல், ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்தேன். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். இரண்டு கடையில் சாம்பல்தான் வந்தது. மூன்றாவது கடையில் மணி நின்றது. ரெக்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சங்கடம் இல்லை.

நிறம் சாம்பல். கருப்போ கருநீலமோ வேண்டும் என்றுதான் அண்ணன் கேட்டார், அழுக்குத் தெரியாது என்று. ஏப்ரல் மாத மத்தியானத்தில் கருப்பு வினைலில் அரைக்கால் டிரவுசர் போட்ட குழந்தை உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். சூடு கூடினால் வினைலுக்கும் ஆயுசு குறைவு. வினைலை மெத்தென்று வைத்திருப்பது பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருள். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், வெளியேற வெளியேற வினைல் விறைத்து வெடிக்கும்.

நூலில்தான் முன்பு நான் பெரிய தவறு செய்திருந்தேன். நைலான் நூல் இழுத்தால் அறாது, அதனால் எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று இருந்தேன். பழைய சீட்டின் சாய்மானத்தில் வெயில் நேராக விழும் மேல் ஓரத்தில் அதே நைலான் நூல் விரலால் சுண்டினால் அறுந்தது. கீழ் ஓரத்தில் அதே நூல் கையை அறுக்கிற அளவுக்குக் கெட்டி. நைலானுக்கு வெயில் ஆகாது. பாலியஸ்டர் அதைவிட நன்றாகத் தாங்கும். இந்த முறை பாண்டட் (இழைகள் பிரியாமல் ஒட்டிய) பாலியஸ்டர் நூல், 18 நம்பர் ஊசி. பெரிய ஊசி போட்டால் தைக்க லகுவாக இருக்கும், ஆனால் நூலைவிடப் பெரிய ஓட்டை விழும். தையல் நீளத்தை 5 எம்எம்முக்குக் கூட்டினேன். நெருக்கித் தைத்தால் கெட்டி என்று நினைப்போம். வினைலில் நெருக்கினால் தபால் தலையின் ஓரம் போலாகி, இழுத்த இடத்தில் வரிசையாகக் கிழியும்.

பலகைக்கு ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 12 எம்எம். சாதாரண பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. அதில் ஈரம் தாங்கும் ரகமும் உண்டு, ஆனால் படகுக்கு 710தான் என்று எங்கள் தெரு ஆசாரி சொன்னார். 710-இல் அடுக்குகளை ஒட்டும் பசை தண்ணீரில் விடாது. பசை விடாது என்பதற்காக மரம் மக்காது என்று அர்த்தமில்லை. எனவே அளவுக்கு அறுத்து, நான்கு இன்ச்சுக்கு ஒன்று வீதம் அரை இன்ச் ஓட்டை போட்டு, ஒரு நீளப் பலகைக்கு 33 ஓட்டை, எல்லா ஓரத்துக்கும் ஒவ்வொரு ஓட்டையின் உள்சுவருக்கும் எபாக்சி என்ற பிசின் மூன்று கோட் கொடுத்தேன். பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தில்தான். முதல் கோட் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்றாவது கோட் மேலேயே கண்ணாடி மாதிரி நின்றது. இதற்கே இரண்டு நாள் ஆனது. மொத்த வேலையில் அலுப்பானது இது, இதைக் குறைக்கவும் வழி இல்லை.

ஸ்டேப்பிள் 304 ஸ்டெயின்லெஸ், 10 எம்எம் கால். கடலுக்கு என்றால் 316 போட வேண்டும், எங்களுடையது நல்ல தண்ணீர். காந்தம் வைத்துப் பார்த்து ஸ்டெயின்லெஸ்ஸா என்று முடிவு செய்வது சரியாக வராது. கம்பியாக இழுத்து வளைத்ததில் 304-க்கும் கொஞ்சம் காந்தம் ஒட்டும். ஒரு டம்ளரில் கல்லுப்பு கரைத்து நாலைந்து ஸ்டேப்பிளை மூன்று நாள் போட்டு வைத்தேன். துரு வரவில்லை, வாங்கினேன்.

ஃபோம் விஷயத்தில் மட்டும் ஒரு பரீட்சை செய்தேன். மீன் தொட்டி ஃபில்டரில் கண் கண்ணாக ஒரு ஸ்பாஞ்ச் இருக்குமே, பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். அதே வகையில் உட்காரத் தகுந்த கெட்டியில் வருவதுதான் படகுக்கு விற்கும் ட்ரைஃபாஸ்ட் ஃபோம். மேலே ஊற்றினால் தண்ணீர் சல்லடையில் இறங்குவது போல் இறங்கிவிடும். விலை அதிகம், சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. முன் சீட்டுக்கும் ஓட்டுநர் சீட்டுக்கும் அதைப் போட்டேன். பின் சீட்டுக்குச் சாதாரண 40 டென்சிட்டி ஃபோம். பலகையில் ஓட்டை இருந்தால் அதுவே போதுமா என்று பார்க்க நினைத்தேன். இது ஒரு பரீட்சை என்பதை அண்ணனிடம் சொல்லி, சரிவராவிட்டால் என் செலவில் மாற்றித் தருகிறேன் என்று பேசிக்கொண்டேன். தண்ணீரே குடிக்காத மூடிய கண் ஃபோமும் உண்டு, யோகா பாய் மாதிரி. மெலிதாகப் போட்டால் பலகை மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

தைத்ததும் மாட்டியதும்

வரித் தையல் இல்லை. உட்காரும் பக்கம் முழுசாக ஒரே துண்டு. அண்ணனுக்கு முகம் கொஞ்சம் வாடியது, "மொட்டையா இருக்குதே" என்றார். நீல ஃபோமை எடுத்துக் காட்டியதும் பேச்சு நின்றது. பக்கப் பட்டியைச் சேர்க்கும் தையலை மேல் விளிம்பில் வைக்காமல் ஒரு இன்ச் கீழே இறக்கினேன். மேல்துண்டு பக்கப் பட்டியின்மேல் விழும்படி, ஓடு வேய்கிறபோது மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவது போல. வழிகிற தண்ணீர் தையலைத் தாண்டிக் கீழே போகும், உள்ளே நுழைய மேலே ஏறித்தான் போக வேண்டும். விளிம்புக்குப் பைப்பிங் (உள்ளே கயிறு வைத்துத் தைக்கும் உருட்டுப் பட்டி) வேண்டும் என்பதில் அவர் விடவில்லை. கடையில் இருந்த பருத்திக் கயிறு வைத்த பைப்பிங்கை எடுக்காமல் பிளாஸ்டிக் குழல் வைத்துத் தைத்தேன். பருத்திக் கயிறு விளக்குத் திரி மாதிரி; ஒரு முனை நனைந்தால் சீட்டைச் சுற்றிலும் ஈரத்தைக் கொண்டுபோகும்.

உறையை ஃபோமைவிட அரை இன்ச் சின்னதாக வெட்டினேன். தொளதொளவென்று இருந்தால் மேலே குழி விழும், குழியில் தண்ணீர் நிற்கும். இழுத்து மாட்டுவதற்கு முன் உறைகளைக் கடை வாசலில் வெயிலில் கால்மணி நேரம் விரித்தேன். சூடு ஏறிய வினைல் சப்பாத்தி மாவு மாதிரி வளைந்து கொடுக்கும். நான்கு பக்கமும் நடுவில் ஒன்று, பிறகு நடுவிலிருந்து மூலைக்கு. மூலையைக் கடைசியாகத்தான் மடிக்க வேண்டும். ஓட்டுநர் சாய்மானத்தின் ஒரு மூலையில் சுருக்கம் எடுக்க நான் கூடுதலாக இழுத்துவிட்டேன். அது பிறகு வேலை வைத்தது, சொல்கிறேன்.

அடிப்பக்கம் என்ன போடுவது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. ரெக்சின் கூடாது. கொசுவலை வெயிலில் பொடியும். தளிப் பக்கம் ரோஜா பாலிஹவுஸ் வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் கடைக்கு வந்தபோது, பைக்கில் ஒரு சுருள் ஷேட் நெட் (செடிகளுக்கு நிழல் தரும் வலை) கட்டியிருந்தார். பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் இழை, வருடக்கணக்கில் வெயிலில் கிடக்கவே செய்தது, காற்றும் தண்ணீரும் தடையில்லாமல் போகும், பூச்சி போகாது. மீந்த துண்டை அவரிடமே வாங்கி, ஆறு உருப்படிக்கும் அடியில் அதையே இரட்டையாக மடித்து அடித்தேன். ஓசூர், தளி, பாகலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபமாகக் கிடைக்கும், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, சீட்டைப் படகில் பொருத்தும்போது பலகை ஃபைபர் மேடையில் அப்பிக்கொள்ளாமல் இருக்க, திருகு போகும் இடங்களில் அரை இன்ச் நைலான் வாஷர் வைத்தேன். 33 ஓட்டை போட்டுவிட்டு அதைத் தரையோடு ஒட்டி மூடினால் என்ன பிரயோசனம்? திருகு ஓட்டைகளுக்கும் எபாக்சி. 2024 ஜனவரிக் கடைசியில் படகு தண்ணீரில் இறங்கியது.

பராமரிப்பு

சீட் செய்ததைவிட, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதைப் படகு ஓட்டும் தம்பிகளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் ஆனது. அவர்கள் பழைய வழக்கம் இது: சாயங்காலம் படகு முழுக்க நீலத் தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டுவது. மழைக்கு நல்லதுதான். ஆனால் நனைந்த சீட்டின்மேல் காற்றே போகாமல் கட்டினால் விடிய விடிய உள்ளே புழுங்கும், பூசணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தார்ப்பாய் கட்டுவதானால் நடுவில் ஒரு குச்சியை நட்டுக் கூடாரம் போல் தூக்கி, இரண்டு முனையையும் திறந்து விடச் சொன்னேன். மழை இல்லாத நாளில் ஷேட் நெட்டே போதும். வெயிலைக் குறைக்கும், காற்றை விடும்.

கழுவுவதற்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், அப்புறம் நல்ல தண்ணீர், துணியால் துடைப்பு. வாரத்துக்கு ஒருமுறை. இவ்வளவுதான் வேண்டும். முன்பு அங்கே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், பளிச்சென்று ஆகிறது என்று. பிளீச்சிங் நூலைத் தின்னும், வினைலின் மேல்பூச்சையும் கெடுக்கும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது. பிளாஸ்டிசைசரைக் கரைத்து இழுத்துவிடும். கார் டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷும் வேண்டாம் என்றேன். பளபளப்பு வரும், கூடவே வழுக்கும். ஆடுகிற படகில் வழுக்குகிற சீட்டில் குழந்தையை உட்காரவைக்க முடியுமா?

கறையில் எனக்குத் தனி அக்கறை உண்டு, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு. சாய்மானத்தின் மேல் ஓரத்தில் தேங்காய் எண்ணெய்த் தலை சாய்ந்த கறை தினமும் விழும். பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும், ஆனால் எண்ணெய் வினைலுக்குள் ஊறி அந்த இடத்தைப் பிசுபிசுப்பாக்கி, போகப்போக விறைக்க வைக்கும். அதை அன்றன்று சாயங்காலமே சோப்புத் துணியால் துடைக்க வேண்டும். மாம்பழ சீசனில் மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி வாங்கிக்கொண்டு படகேறுவார்கள். அந்தச் சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் துடைத்தால் போகும், ராத்திரி தாண்டினால் சாயல் நிற்கும். நீர்க்காகமும் கொக்கும் கட்டிவைத்த படகில் உட்கார்ந்து எச்சமிடும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் மேல்பூச்சு கீறும். ஈரத்துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானே ஊறி வரும்.

தேய்த்துப் போகாத ஒரு கறையும் உண்டு. பழைய சீட்டின் மேல்பக்கத்தில் அங்கங்கே ரோஸ் நிறத் திட்டுகள் இருந்தன. முதலில் யாரோ ஜூஸ் கொட்டியது என்று நினைத்தேன். அது உள்ளே ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் சாயம், வினைலில் இருக்கும் பிளாஸ்டிசைசரில் கரைந்து உள்ளிருந்து மேலே வருகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ரோஸ் திட்டு தெரிந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், பிரித்துப் பார்க்க வேண்டும். மேலாகப் பூக்கும் வெள்ளை, கறுப்புப் பூசணம் என்றால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து, கழுவிக் காயவைத்தால் போதும்.

இன்னொரு வேலையும் சொன்னேன். திங்கட்கிழமை கூட்டம் குறைவு, அன்றைக்குச் சீட்டுகளைக் கழற்றிச் சாய்மானத்தின்மேல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். தம்பிகளில் ஒருவன் பென்னாகரம் பக்கத்துக்காரன். "பரிசலைக் கவுத்துற மாதிரிதானே ணா" என்றான். அவனுக்கு அதற்குமேல் விளக்கத் தேவை இருக்கவில்லை.

மழைக்குப் பிறகு

2024 கோடையைச் சீட்டுகள் நன்றாகவே தாண்டின. ஜூனில் போய்ப் பார்த்தபோது வினைல் மெத்தென்று இருந்தது, தையல் அப்படியே. ஓட்டுநர் சாய்மானத்தில் நான் சொன்ன அந்த மூலையில் மட்டும் நான்கு தையல் வாய் பிளந்திருந்தது. அளவுக்கு மீறி இழுத்ததால் ஓட்டைகள் நீண்டு பெருத்துவிட்டன. பிரிக்காமல் வளைந்த ஊசியால் அதே ஓட்டைகளில் புகுத்தி, இரண்டு ஓரத்தையும் மாற்றி மாற்றிப் பிடித்து உள்தையல் போட்டேன். புது ஓட்டை போட்டிருந்தால் கிழிசல் பெருகியிருக்கும். பின்பக்கம் இரண்டு ஸ்டேப்பிளை எடுத்து இழுவையைத் தளர்த்தினேன். இருபது நிமிட வேலை.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தது. கரையைக் கடந்தது புதுச்சேரிப் பக்கம், கொட்டியது எங்கள் மாவட்டத்தில். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள் தண்ணீரில் உருண்டு போனதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊரே தவிக்கும்போது படகு சீட்டைப் பற்றி யாரும் நினைக்க முடியாது, நானும் நினைக்கவில்லை. அண்ணன் மூன்றாம் நாள்தான் படகை எட்டிப் பார்த்தார். தார்ப்பாய் காற்றில் கிழிந்து போயிருந்தது. சீட்டுகள் முழு மழையையும் வாங்கியிருந்தன.

நான் போகும்போது மழை விட்டு ஒன்றரை நாள். கையோடு தொங்கும் தராசு கொண்டுபோனேன். ட்ரைஃபாஸ்ட் ஃபோம் போட்ட முன் சீட், தைத்தபோது ஐந்தரை; இப்போது ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அடி வலையைத் தொட்டால் ஈரம் இருந்தது, சொட்டவில்லை. மத்தியான வெயிலில் நிறுத்திவைத்தோம், சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன், வேட்டி நனையவில்லை. சாதாரண ஃபோம் போட்ட பின் சீட் எட்டு கிலோ. தூக்கிச் சாய்த்ததும் 33 ஓட்டையிலும் தண்ணீர் ஒழுகியது, வழி வேலை செய்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒழுகி நின்ற பிறகும் ஃபோம் தன் பங்கை விடவில்லை. தினமும் திருப்பித் திருப்பி நிறுத்தியும் பழைய எடைக்கு வர நான்கு நாள் ஆனது. பலகை இரண்டிலும் உப்பவில்லை, ஸ்டேப்பிளில் துரு இல்லை, நாற்றம் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பின் சீட்டின் அடி வலையையும் உறையையும் ஓர் ஓரத்தில் மட்டும் கழற்றி, ஃபோமைத் தூக்கிப் பார்த்தேன். ஃபோமின் நடுவில், ஓட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பூசணம் தொடங்கியிருந்தது. மேலே ரோஸ் திட்டு இன்னும் வரவில்லை. வினிகர் கரைசல் தெளித்து, இரண்டு நாள் காயவைத்து மூடினேன். சின்ன ஏரியில், மழைக்காலத்தில் படகைக் கொட்டகைக்குள் ஏற்றிவிடுகிறவர்களுக்குச் சாதாரண ஃபோமும் ஓட்டைப் பலகையும் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். வெட்டவெளியில் கிடக்கும் படகுக்கு ட்ரைஃபாஸ்ட்தான் போட வேண்டும், அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பேசியபடி பின் சீட்டுக்கு ஃபோம் மாற்ற வேண்டியது என் பொறுப்பு. சொல்லி வைத்திருந்த ட்ரைஃபாஸ்ட் போன வாரம் வந்தது, 3 இன்ச், மேசைமேல் இருக்கிறது. உறையின் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. அடி வலையையும் ஸ்டேப்பிளையும் எடுத்து, பழையதை உருவி, புதியதை வெட்டி நுழைத்து, வெயிலில் சூடாக்கி மறுபடி இழுத்து அடித்தால் முடிந்தது. பெடல் படகு எட்டு சீட்டுக்கும் அண்ணன் முன்பணம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பலகை அறுத்தாகிவிட்டது. எபாக்சி முதல் கோட் காய்ந்துகொண்டிருக்கிறது.